நடுவில் ஒரு தேக்கம்: ழாக் மொனோவின் ஆய்வு வாழ்க்கை

குளுக்கோசும் லாக்டோசும் கலந்த உப்புக் கரைசலில் ஈ. கோலை பாக்டீரியாவை வளர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கலங்கலை அளந்துகொண்டே வந்தால் ஒரு விசித்திரம் தெரியும். முதலில் செல்கள் வேகமாகப் பெருகும். பிறகு சட்டென்று நின்றுவிடும். அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட, கலங்கல் ஏறவே ஏறாது. கல்ச்சர் செத்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் நேரத்தில் மறுபடி கிளம்பும்; இம்முறை சற்று நிதானமாக ஏறும். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஏற்றங்கள், நடுவில் ஒரு தேக்கம்.

பிரெஞ்சு உயிரியலாளர் ழாக் மொனோ இந்தத் தேக்கத்தை வரைபடத்தில் கண்டது 1940 வாக்கில். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் அதை விடவில்லை. அவருடைய கட்டுரைப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் வளர்ச்சிக் கணிதம், என்சைம் வேதியியல், பாக்டீரிய மரபியல், புரதங்களின் வடிவக் கோட்பாடு என்று துறைவிட்டுத் துறை தாவியவர் போலத் தோன்றும். உண்மையில் எல்லாம் ஒரே கேள்விதான்: இரண்டாவது சர்க்கரையைத் தின்பதற்கான என்சைம் (அதை உடைக்கும் புரதம்) அந்தத் தேக்கத்தின்போது எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு அவர் நம்பிய விடைகளில் பாதி தவறு. அவற்றில் பெரும்பாலானவற்றை அவருடைய ஆய்வகமே உடைத்தது என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது.

1910-ல் பாரிஸில் பிறந்து கான் நகரில் வளர்ந்தவர். தந்தை ஓவியர், தாய் அமெரிக்கர். செல்லோ வாசிப்பார், பாக்கின் இசைக்குக் குழுப்பாடகர்களை நடத்துவார். இசையா அறிவியலா என்று நெடுநாள் முடிவெடுக்காமல் இருந்தவர். 1934-ல் ஒரு கிரீன்லாந்துப் பயணத்தில் போனார். 1936-ல் அதே கப்பலில் மறுபடி போவதாக இருந்தது. போரிஸ் எஃப்ருசி என்ற மரபியலாளர் கலிஃபோர்னியாவுக்கு அழைத்ததால் அங்கே போய்விட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் கப்பல் ஐஸ்லாந்துக் கரையருகே உடைந்தது. பிழைத்தவர் ஒரே ஒருவர்.

சொர்போனில் முனைவர் பட்டத்துக்கு அவர் முதலில் கையாண்டது சிலியா என்ற நுண்மயிர்கள் உள்ள ஒருசெல் உயிரிகளை. அவற்றுக்கு என்ன உணவு தேவை என்றே அப்போது முழுதாகத் தெரியாது. தெரியாத உணவில் வளரும் உயிரியின் வளர்ச்சியை எப்படிக் கணக்குப் போடுவது? பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இருந்த ஆந்த்ரே லுவோஃப், உப்புகளும் ஒரு சர்க்கரையும் மட்டும் போதும் என்று வளரும் பாக்டீரியாவுக்கு மாறச் சொன்னார். இந்த மாற்றம்தான் மொனோவின் வாழ்க்கையைத் தீர்மானித்தது. செல் வளரும் கரைசலான மீடியத்தில் கார்பன் தரும் பொருள் சர்க்கரை ஒன்றே என்றால், கூட்டிய சர்க்கரைக்கும் கிடைத்த செல் எடைக்கும் நேர்விகிதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தது. சர்க்கரையின் செறிவுக்கும் பெருக்க வேகத்துக்கும் உள்ள உறவையும் அளந்தார். குளுக்கோஸ் ஏறஏற வேகம் ஏறும். ஓர் உச்சத்தில் போய் நிலைத்துவிடும். அவர் கணக்கில் 37 டிகிரி செல்சியஸில் உச்ச வேகம் மணிக்கு 1.35 பிரிவுகள், அதில் பாதி வேகம் கிடைக்க லிட்டருக்குச் சுமார் 4 மில்லிகிராம் குளுக்கோஸ் போதும்.

மொனோ சமன்பாடு என்று இன்று வழங்குவது இதுதான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டத் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கணக்கிடும் பொறியாளர்கள் தினமும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பலருக்கு மொனோ யாரென்று தெரியாது. மரபணுக் கட்டுப்பாட்டுக்காக நோபல் வாங்கிய மொனோவும் இவரும் ஒரே ஆள் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. பாதி வேகச் செறிவு என்பது ரகத்துக்கு ரகம், கல்ச்சர் எந்த நிலையில் வளர்ந்து வந்தது என்பதைப் பொறுத்து, பல மடங்கு மாறும்.

ஒரு சர்க்கரையில் இவ்வளவு ஒழுங்காக வளர்கிறதே, இரண்டைக் கலந்தால் என்னாகும்? பல கலவைகளில் ஒன்றும் ஆகவில்லை, ஒரே ஏற்றம்தான். சில கலவைகளில் மட்டும் அந்தத் தேக்கம் வந்தது. குளுக்கோசுடன் சார்பிட்டால் கலந்து மூன்று குடுவைகள் வைத்தார்: மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் குளுக்கோஸும் 150 சார்பிட்டாலும், 100-க்கு 100, 150-க்கு 50. முதல் ஏற்றத்தின் உயரம் குளுக்கோசின் அளவுக்கு ஏற்ப நீண்டது, இரண்டாவது ஏற்றம் சார்பிட்டாலின் அளவுக்கு ஏற்ப. அதாவது செல் முதலில் குளுக்கோசை முழுக்கத் தின்று தீர்க்கிறது. பிறகுதான் மற்றதைத் தொடுகிறது. இதற்கு 'டயாக்ஸி' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் இரட்டை வளர்ச்சி. 1940 டிசம்பரில் வரைபடத்தை லுவோஃபிடம் காட்டி இது என்னவாக இருக்கும் என்று கேட்க, என்சைம் தகவமைப்பாக, அதாவது புது உணவுக்கேற்பச் செல் புது என்சைம் செய்துகொள்வதாக, இருக்கலாம் என்றார் அவர். அந்தச் சொல்லையே மொனோ அதுவரை கேள்விப்பட்டதில்லை. 1941-ல் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு முடிந்ததும் சொர்போன் ஆய்வகத்தின் தலைவர், மொனோ செய்வதில் சொர்போனுக்கு எந்த அக்கறையும் இல்லை என்றாராம். லுவோஃப் பின்னர் பதிவு செய்திருக்கிறார்.

இந்தச் சோதனையை இன்றும் கல்லூரி ஆய்வகத்தில் செய்கிறார்கள். பாதிப் பேருக்குத் தேக்கமே தெரிவதில்லை. காரணங்கள் எளிமையானவை. முதலாவது, ரகம். டி.என்.ஏ. நகலெடுக்க ஃப்ரீசரில் வைத்திருக்கும் டி.ஹெச்.5-ஆல்ஃபா போன்ற ரகங்களில் லாக்டோசை உடைக்கும் மரபணு வேண்டுமென்றே சிதைக்கப்பட்டிருக்கும். அவை குளுக்கோஸ் தீர்ந்ததும் நின்றுவிடும். இரண்டாவது ஏற்றம் வரவே வராது. எம்.ஜி.1655 மாதிரி சிதைக்கப்படாத ரகம் வேண்டும். இரண்டாவது, மீடியம். சத்து நிறைந்த எல்.பி. குழம்பில் அமினோ அமிலங்களே கார்பன் தருவதால் படிகள் மங்கிவிடும். எம்-9 போன்ற உப்பு மீடியமே சரி: லிட்டருக்கு 6 கிராம் டைசோடியம் பாஸ்பேட், 3 கிராம் மோனோபொட்டாசியம் பாஸ்பேட், அரை கிராம் உப்பு, 1 கிராம் அம்மோனியம் குளோரைடு. மெக்னீசியம் சல்ஃபேட்டையும் கால்சியம் குளோரைடையும் தனியாக ஆட்டோகிளேவ் செய்து, ஆறியபின் சேர்க்க வேண்டும். சேர்த்தே கொதிக்கவிட்டால் பாஸ்பேட்டுடன் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், அந்தக் கலங்கலை மீட்டர் பாக்டீரியா என்று எண்ணிக்கொள்ளும். சர்க்கரையும் தனிப் புட்டியில்தான். உப்போடு சேர்ந்து வெந்தால் பழுப்பேறும்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் காலை வாருவது: குளுக்கோசின் அளவு. லிட்டருக்கு 4 கிராம் என்று வழக்கமான செய்முறையைப் பார்த்துப் போட்டால், குளுக்கோஸ் தீர்வதற்குள் கலங்கல் மீட்டரின் நேர்கோட்டு எல்லையைத் தாண்டிவிடும், காற்றும் பற்றாமல் போகும். லிட்டருக்கு அரை கிராம் குளுக்கோஸ், ஒன்றரை கிராம் லாக்டோஸ் போட்டால் 600 நானோமீட்டர் ஒளியில் அளந்த கலங்கல் 0.6, 0.7 வாக்கில் இருக்கும்போது தேக்கம் வரும். கணக்கும் சரியாக இருக்கும், ஏனெனில் ஒரு கிராம் குளுக்கோசிலிருந்து ஏறத்தாழ அரை கிராம் உலர்ந்த செல் கிடைக்கிறது. முதல் நாள் இரவே குளுக்கோஸ் மட்டும் உள்ள மீடியத்தில் வளர்த்த செல்லை விதைக்க வேண்டும். லாக்டோசில் வளர்ந்த செல்லை விதைத்தால் அதனுள் என்சைம் ஏற்கெனவே நிறைந்திருக்கும், தேக்கம் சுருங்கிவிடும். அளவுகளை மடக்கைத் தாளில் குறிக்க வேண்டும்; சாதாரணத் தாளில் குறித்தால் முதல் ஏற்றம் தரையோடு தரையாகக் கிடக்கும்.

போர்க்காலம் மொனோவை ஆய்வகத்திலிருந்து பெரும்பாலும் பிடுங்கிக்கொண்டது. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து, கடைசியில் உள்நாட்டுப் படைகளின் செயல்திட்டப் பிரிவுத் தலைவர் வரை போனார். பாரிஸ் விடுதலையானபின் அமெரிக்க ராணுவத்தின் நடமாடும் நூலகத்தில் இரண்டு கட்டுரைகள் கையில் கிடைத்தன: பாக்டீரியாவிலும் பிறழ்வுகள் (மரபணு மாற்றங்கள்) தற்செயலாகவே நேர்கின்றன என்று காட்டிய லூரியா, டெல்புரூக் கட்டுரை, மரபுப் பொருள் டி.என்.ஏ. என்று சொன்ன ஏவரி குழுவின் கட்டுரை. 1945-ல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் லுவோஃபின் மாடிப் பரணையில் வேலைக்குச் சேர்ந்தார். லைசென்கோவின் போலி மரபியலைச் சோவியத் அரசு 1948-ல் அதிகாரபூர்வமாக்கியபோது 'கோம்பா' நாளிதழில் அதைக் கடுமையாகச் சாடி எழுதினார். 'தகவமைப்பு' என்ற சொல்லே அவருக்குக் கசந்துபோனது. செல் தேவையறிந்து மாறிக்கொள்கிறது என்ற நெடி அதில் வீசியது. 1953-ல் நான்கு சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, இனி 'தூண்டப்பட்ட என்சைம்' என்றே சொல்வோம் என்று நேச்சர் இதழில் எழுதி அந்தச் சொல்லை வெளியேற்றினார்.

இனி என்சைமை அளக்க வேண்டும். லாக்டோசை உடைப்பது பீட்டா-காலக்டோசிடேஸ். லாக்டோசையே கொடுத்து அளந்தால் வேலை மெதுவாகப் போகும். ஜோஷுவா லெடர்பர்க் கொண்டுவந்த ஓ.என்.பி.ஜி. என்ற போலிச் சர்க்கரை இதை மாற்றியது. அதற்கு நிறமில்லை, என்சைம் அதை வெட்டினால் ஒரு பாதி காலக்டோஸ், மறு பாதி மஞ்சள் நிற நைட்ரோபீனால். மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்று 420 நானோமீட்டரில் பார்த்தால் போதும். ஜெஃப்ரி மில்லர் 1972-ல் ஒழுங்குபடுத்திய முறையே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. செல்லைத் தாங்குகரைசலில் எடுத்து, சில சொட்டுக் குளோரோஃபார்மும் எஸ்.டி.எஸ். சோப்பும் விட்டுச் சுவரைத் துளைத்து, 28 டிகிரியில் வைத்து, மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் உள்ள ஓ.என்.பி.ஜி.யில் 0.2 மில்லி சேர்த்துக் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். மஞ்சள் ஏறியதும் 1 மோலார் சோடியம் கார்பனேட் அரை மில்லி விட்டு நிறுத்த வேண்டும். கார்பனேட் இரண்டு வேலை செய்கிறது: காரத்தன்மையை ஏற்றி என்சைமை நிறுத்துகிறது, நைட்ரோபீனால் முழுவதையும் மஞ்சள் வடிவத்துக்குத் தள்ளுகிறது. நடுநிலைக் கரைசலில் அதில் ஒரு பகுதிக்கு நிறமே இருக்காது.

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. செல் சிதைவுகளின் கலங்கலும் 420-ல் மஞ்சள் போலவே பதிவாகும். அதனால் 550-ல் கலங்கலைத் தனியாக அளந்து, 1.75-ஆல் பெருக்கிக் கழிக்கிறோம். அளவு 0.6 முதல் 0.9-க்குள் வரும்படி நேரத்தைத் தேர்ந்தெடுக்காமல், எல்லாக் குழாயையும் முப்பது நிமிடம் வைத்து எடுத்தால், என்சைம் அதிகமுள்ள குழாயில் சரக்கு பாதியிலேயே தீர்ந்துபோய் எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரியும். பழைய ஓ.என்.பி.ஜி. கரைசல் தானாகவே மஞ்சளாகும். செல் போடாத குழாய் ஒன்றை எப்போதும் கூட வைக்க வேண்டும்.

மொனோவின் கைத்திறன் வெளிப்பட்டது அளவில் அல்ல, அதை வரைந்த விதத்தில். என்சைமை நேரத்துக்கு எதிராகக் குறித்தால் கோடு வளைந்து வளைந்து போகும். செல்களும் பெருகிக்கொண்டிருப்பதால் எது புது என்சைம், எது புதுச் செல் என்று பிரிக்க முடியாது. 1952-ல் பாப்பன்ஹைமர், கோஹன்-பாசிர் இருவரோடும் சேர்ந்து, நேரத்தை அச்சிலிருந்தே தூக்கிவிட்டார். கல்ச்சரில் கூடிய மொத்தச் செல் பொருளுக்கு எதிராகக் கூடிய என்சைமைக் குறித்தார். தூண்டியை (என்சைமை உருவாக்கவைக்கும் பொருளை) சேர்த்த உடனே நேர்கோடு கிளம்பியது, எடுத்ததும் படுத்தது. புதிதாக உண்டாகும் புரதத்தில் இந்த என்சைமின் பங்கு எவ்வளவு என்பதை அந்தக் கோட்டின் சாய்வே சொல்லிவிடும். தூண்டிய செல்லில் அந்தச் சாய்வு தூண்டாததைவிட ஆயிரம் மடங்கு.

இந்த நேர்கோடு அவருடைய சொந்தக் கருத்துக்கே எமனானது. 1940-களில் அவர் நம்பியது இது: செல்லில் பொதுவான முன்னோடிப் புரதம் ஒன்று இருக்கிறது, எந்தச் சர்க்கரை வந்தாலும் அது அந்தப் புரதத்தைத் தனக்கேற்ப வளைத்துக்கொள்கிறது, குளுக்கோஸ் வந்தால் போட்டியில் அது ஜெயிக்கிறது, அதனால்தான் தேக்கம். அழகான விளக்கம். முன்னோடி இருந்திருந்தால் தொடக்கத்தில் என்சைம் குபீரென்று எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. 1955-ல் ஹாக்னஸும் கோனும் மொனோவும் கதிரியக்கக் கந்தகத்தில் பல தலைமுறை வளர்த்த செல்களைக் கழுவி, சாதாரணக் கந்தகத்துக்கு மாற்றி, அப்போது தூண்டினார்கள். புதிய என்சைமைப் பிரித்தெடுத்துப் பார்த்தால் கதிரியக்கம் ஏறக்குறைய இல்லை. பழைய புரதம் எதுவும் அதற்குள் போகவில்லை. அமினோ அமிலங்களிலிருந்து புத்தம் புதிதாகக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் ராட்மனும் ஸ்பீகல்மனும் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

இன்னொரு முடிச்சு: தூண்டும் பொருளும் வெட்டப்படும் பொருளும் ஒன்றா? இல்லை. சில கந்தகச் சர்க்கரைகளை என்சைமால் வெட்ட முடியாது. ஆனால் அவை பிரமாதமாகத் தூண்டும். பீனைல் காலக்டோசைடு இதற்கு நேர்மாறு: வெட்டுப்படும், தூண்டாது. இந்த இரண்டாவது வகை ஒரு பொறியாகவும் உதவியது. அதை மட்டும் உணவாக வைத்த தட்டில் சாதாரணச் செல் பட்டினி கிடக்கும். தூண்டாமலேயே என்சைம் செய்யும் பிறழ்வு உள்ள செல் மட்டும் வளரும். அப்படிப் பிடித்த பிறழ்விகளுக்கு நிரந்தர வகை என்று பெயர். பிறழ்ந்த மரபணுவுக்கு ஐ. 1956-ல் இன்னொரு வகை மாட்டியது: உள்ளே என்சைம் இருந்தும் லாக்டோசில் வளராதவை. ஜார்ஜ் கோஹன், ரிக்கன்பெர்க், பூட்டான், மொனோ ஆகியோர் கதிரியக்கத் தூண்டியை வைத்து, செல் அதை வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு உள்ளே இழுத்துச் சேர்க்கிறது என்றும், இந்தப் பிறழ்விகளில் அந்த இழுப்பு இல்லை என்றும் காட்டினார்கள். அந்த வாசல்காரப் புரதத்துக்கு பெர்மியேஸ் என்று பெயரிட்டார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நிரந்தர வகைச் செல் ஏன் எப்போதும் என்சைம் செய்கிறது? தன்னுள்ளேயே ஒரு தூண்டியை அது சுரந்துகொள்கிறது என்பது மொனோவின் எண்ணம். 1957 இலையுதிர் காலத்தில் பெர்க்லியிலிருந்து ஆர்தர் பார்டீ வந்தார். தாழ்வாரத்தின் மறு கோடியில் பிரான்சுவா ழாகோப்பும் எலீ வோல்மனும் பாக்டீரியாக்களைப் புணரவிட்டு, நடுவில் சமையலறை மிக்ஸியில் சுழற்றிப் பிரித்து, எந்த மரபணு எத்தனையாவது நிமிடத்தில் நுழைகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கோடிகளும் சேர்ந்ததில் பிறந்தது பார்டீ, ழாகோப், மொனோ மூவரின் பெயரிலும் எழுத்தெடுத்து 'பஜாமோ' என்று அழைக்கப்படும் சோதனை.

அமைப்பு இப்படி. ஆண் செல்லில் என்சைம் மரபணுவும் ஐ மரபணுவும் நல்ல நிலையில். பெண் செல்லில் இரண்டும் கெட்டவை. ஆண் தன் டி.என்.ஏ.வை மட்டும் தருகிறது, செல்நீரைத் தருவதில்லை. எனவே நல்ல மரபணு, ஐ-யின் விளைபொருள் எதுவும் இல்லாத வெறும் செல்நீருக்குள் நுழைகிறது. ஆண் செல்கள் தாமாக என்சைம் செய்து கணக்கைக் கெடுக்கக் கூடாது. பெண் செல்கள் ஸ்ட்ரெப்டோமைசினையும் டி-6 வைரசையும் தாங்கக்கூடியவை, ஆண்கள் தாங்காதவை. உரிய நேரத்தில் இரண்டையும் ஊற்றினால் ஆண்கள் ஒழிந்துபோவார்கள். தூண்டி சேர்க்கவே இல்லை. என்சைம் மரபணு நுழைந்த மூன்று, நான்கு நிமிடத்தில் என்சைம் உருவாகத் தொடங்கியது, அதுவும் முழு வேகத்தில். இரண்டு மணி நேரத்துக்குள் அது தானாக நின்றது. பிறகு தூண்டி சேர்த்தால்தான் மறுபடி ஓடியது. திருப்பிப் போட்டு, பெண்ணிடம் நல்லவை, ஆணிடம் கெட்டவை என்று கலந்தபோது என்சைம் வரவே இல்லை.

இதைப் பொறுமையாகப் படித்தால் மொனோவின் எண்ணம் தலைகீழாகிறது. ஐ கெட்ட செல் எதையும் கூடுதலாகச் செய்யவில்லை. எதையோ செய்யத் தவறுகிறது. நல்ல ஐ ஒரு பொருளைச் செய்கிறது. அது செல்நீரில் சேரச் சேர என்சைம் நிற்கிறது. அந்தப் பொருள் அடக்கி. தூண்டி என்பது அடக்கியை அடக்குவது. அந்த நேரத்தில் பாரிஸ் வந்திருந்த இயற்பியலாளர் லியோ சிலார்ட், தூண்டல் என்பதே அடக்கலை நீக்குவதாக இருக்கக் கூடாதா என்று கேட்டிருந்தார். மொனோ தன் நோபல் உரையில் அவருக்கு வெளிப்படையாக நன்றி சொல்லியிருக்கிறார்.

அடக்கி உட்காரும் இடம் டி.என்.ஏ.விலேயே இருக்க வேண்டும். அந்த இடம் கெட்ட பிறழ்விகளும் கிடைத்தன. அவற்றின் குணம் தனி: அதே டி.என்.ஏ. இழையில் பக்கத்தில் இருக்கும் மரபணுக்களை மட்டுமே அவை பாதித்தன; செல்லுக்குள் இன்னொரு நல்ல பிரதி இருந்தும் பயனில்லை. பூட்டு கெட்டால் அந்த ஒரு கதவு மட்டும் திறந்து கிடக்கும். சாவிக்காரன் இல்லாவிட்டால் ஊரில் எல்லாக் கதவும் திறந்து கிடக்கும். ஐ சாவிக்காரன்; அடக்கி உட்காரும் இடம், அதாவது இயக்கிடம், பூட்டு. ஒரே பூட்டின்கீழ் வரிசையாக இருக்கும் மரபணுத் தொகுதிக்கு ஓபரான் என்று பெயரிட்டு 1960-ல் குறுங்கட்டுரையாகவும், 1961-ல் மூலக்கூறு உயிரியல் இதழில் நெடுங்கட்டுரையாகவும் ழாகோப்பும் மொனோவும் வெளியிட்டார்கள்.

மூன்று, நான்கு நிமிடத்தில் முழு வேகம் என்பதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருந்தது. மரபணுவிலிருந்து புரதத்துக்கு இடைப்பட்ட பொருள் நிலையாகச் சேர்ந்துகொண்டே போவது என்றால் வேகம் சிறுகச் சிறுகத்தான் ஏற வேண்டும். ஏறவில்லை, ஆகவே அது உடனே உண்டாகி உடனே அழிவது. 1960 புனித வெள்ளியன்று கேம்பிரிட்ஜில் ழாகோப் இதை விவரித்துக்கொண்டிருக்கும்போதே பிரென்னரும் கிரிக்கும் துள்ளிக் குதித்தார்கள். அந்தக் கோடையில் கலிஃபோர்னியாவில் பிரென்னர், ழாகோப், மெசல்சன் மூவரும் தூது ஆர்.என்.ஏ.வைக் காட்டினார்கள். சர்க்கரை தின்னும் பாக்டீரியாவைப் பற்றிய கேள்வி எல்லா உயிருக்கும் பொதுவான விடையில் போய் நின்றது. 1965-ல் லுவோஃப், ழாகோப், மொனோ மூவருக்கும் நோபல்.

அடக்கி எதனால் ஆனது என்பதில் மட்டும் பாரிஸ் சறுக்கியது. புரத உற்பத்தியை மருந்தால் நிறுத்திய பிறகும் அடக்கி உருவாவது போலத் தெரிந்ததால், 1961 கட்டுரை அதை ஆர்.என்.ஏ. என்று ஊகித்தது. 1966-ல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைப் பிடித்தார்கள்; புரதம்தான். செல்லுக்குப் பத்து மூலக்கூறு அளவிலேயே இருக்கும் பொருளை எப்படித் தேடுவது? தூண்டியை இறுக்கமாகப் பற்றும் பிறழ்வு உள்ள செல்லை அரைத்து, சவ்வுப் பையில் கட்டி, ஐ.பி.டி.ஜி. என்ற தூண்டியின் கதிரியக்க வடிவத்தில் ஊறவிட்டார்கள். தூண்டி சவ்வு வழியாகப் போய்வரும். பைக்குள் அதைப் பற்றிக்கொள்ளும் ஒன்று இருந்தால் மட்டும் உள்ளே சற்றுக் கூடுதலாகத் தங்கும். அந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகச் சுத்திகரித்தார்கள்.

புரதம் என்றால் ஒரே மூலக்கூறு டி.என்.ஏ.வையும் பற்ற வேண்டும், சர்க்கரையையும் பற்ற வேண்டும், ஒன்று வந்தால் மற்றதை விட வேண்டும். இதற்கான விடையை மொனோ அதற்கு முன்பே யோசித்து வைத்திருந்தார். அவருடைய மாணவர் ழான்-பியேர் ஷான்ழே, ஐசோலியூசின் தயாரிக்கும் தொடரின் முதல் என்சைமை ஆராய்ந்துகொண்டிருந்தார். தொடரின் இறுதிப் பொருளான ஐசோலியூசின் அந்த என்சைமை நிறுத்தும். வெட்டப்படும் பொருளுக்கும் ஐசோலியூசினுக்கும் உருவத்தில் பெரிய ஒற்றுமை கிடையாது. சூடு காட்டினால் என்சைம் வேலை செய்யும், ஐசோலியூசினுக்குப் பணியாது. ஆக, வேலை செய்யும் இடம் வேறு, கட்டளை கேட்கும் இடம் வேறு. 1963 கட்டுரையில் இதை அல்லோஸ்டெரி என்று விவரித்தார்கள். 1965-ல் வைமன், ஷான்ழேயுடன் எழுதிய கட்டுரையில், புரதத்தின் துண்டுகள் எல்லாம் சேர்ந்து இறுகிய நிலையிலிருந்து தளர்ந்த நிலைக்கு மொத்தமாகத் தாவும் என்றார்; ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதும் அதே கணக்கில் அடங்கியது. ஒவ்வொரு துண்டாக மாறலாம் என்ற கோஷ்லண்டின் மாதிரி அடுத்த ஆண்டே வந்தது. இன்று சில புரதங்களுக்கு இது, சிலவற்றுக்கு அது. ஆனாலும் மொனோ இதை உயிரின் இரண்டாவது ரகசியம் என்றே கருதினார். என் பார்வையில் ஓபரானைவிட நீண்ட ஆயுள் இதற்குத்தான். பல மருந்துகள் இன்று என்சைமின் வேலை இடத்தை விட்டுவிட்டு இந்தக் கட்டளை இடத்தைத்தான் குறிவைக்கின்றன.

ஓபரானின் நடைமுறைப் பயன் வேறு வழியில் வந்தது. தூண்டும், ஆனால் வெட்டுப்படாது என்று அன்று தேடிப்பிடித்த ஐ.பி.டி.ஜி. இன்று எந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்திலும் ஃப்ரீசரில் இருக்கும். 1979-ல் வெளியான மனித இன்சுலின் தயாரிப்பு முறையில் அதன் இரண்டு சங்கிலிகளும் இதே பீட்டா-காலக்டோசிடேசின் வாலில் ஒட்டி, இதே பூட்டின்கீழ் ஈ. கோலைக்குள் செய்யப்பட்டவை.

அடக்கியின் வெற்றி ஒரு பிடிவாதத்தையும் வளர்த்தது. எல்லாக் கட்டுப்பாடும் தடுப்பதால்தான் நடக்கிறது என்று பாரிஸ் நம்பியது. அராபினோஸ் என்ற இன்னொரு சர்க்கரையின் விஷயத்தில் ஒரு புரதம் மரபணுவைத் தூண்டிவிடுகிறது என்று எல்லிஸ் எங்கிள்ஸ்பெர்க் சொன்னபோது அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. கடைசியில் லாக்டோஸ் ஓபரானுக்கே ஒரு தூண்டுகோல் இருப்பது வெளிப்பட்டது. குளுக்கோஸ் இருந்தால் செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு குறையும் என்று 1965-ல் மேக்மனும் சதர்லண்டும் கண்டார்கள். 1968-ல் மொனோவும் ஆக்னஸ் உல்மானும், அதை வெளியிலிருந்து சேர்த்தால் குளுக்கோசின் தடை தளர்கிறது என்று காட்டினார்கள். உல்மானை 1960-ல் ஹங்கேரியிலிருந்து ஒரு வண்டியில் குளியல் தொட்டிக்கு அடியில் ஒளித்துக் கடத்திவர ஏற்பாடு செய்தவரே மொனோதான். சைக்ளிக் ஏ.எம்.பி. ஒரு புரதத்தோடு சேர்ந்து மரபணுவை ஓடவிடுகிறது, குளுக்கோஸ் தீர்ந்தால் அது கூடும், தேக்கம் முடியும். 1976-ல் மொனோ இறந்தபின்பும் பாடநூல்கள் டயாக்ஸிக்கு இந்த விளக்கத்தையே தந்தன. இன்றும் பல தருகின்றன.

1996-ல் ஜப்பானில் இனாடா, கிமாட்டா, ஐபா மூவரும் தேக்கத்துக்கு முன்னும் பின்னும் சைக்ளிக் ஏ.எம்.பி.யை அளந்தார்கள். குளுக்கோசில் வளரும்போதும் லாக்டோசில் வளரும்போதும் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். நடுவில் தேக்கத்தின்போது மட்டும் கூடிக் குறைகிறது. அடக்கியைச் செயலிழக்கச் செய்தாலோ, ஐ.பி.டி.ஜி. சேர்த்தாலோ, குளுக்கோஸ் இருந்தும் என்சைம் உருவாகிறது. குளுக்கோசை உள்ளே இழுக்கும் இயந்திரத்தின் ஒரு புரதம், குளுக்கோஸ் ஓடும் வரை பெர்மியேசை முடக்கிவைக்கிறது. லாக்டோஸ் உள்ளே வர முடியாததால் அடக்கி தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. 1940 டிசம்பரில் லுவோஃபிடம் காட்டிய வரைபடத்தின் தேக்கத்துக்குத் தேவைப்பட்டவை பெர்மியேசும் அடக்கியுமே. இரண்டும் 1959-க்குள் அந்த மாடிப் பரணையிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன.